மலையில் மிதிக்கிறவர்கள் ஹம்பியை சைக்கிளில் சுற்றலாமா?

நவம்பர் 2, மாலை (கோத்தகிரி வாசகர் ஒருவர் கேட்டது)

நானும் தம்பியும் வாரக்கடைசியில் கோத்தகிரி, குன்னூர் சாலையில் சைக்கிள் மிதிக்கிறவர்கள். டிசம்பர் கடைசியில் ஹம்பி போகிறோம். அங்கேயும் சைக்கிள்தான் என்று முடிவு செய்தோம். பெரியப்பா மகன் ஒருவர் போய்விட்டு வந்தவர், "சைக்கிளில் ஹம்பி பார்ப்பது வீண் வேலை, வெயிலில் வதங்கி நாலு கோவில் கூடப் பார்க்க மாட்டீர்கள், ஆட்டோ பிடித்தால் ஒரே நாளில் முடிந்துவிடும்" என்கிறார். நம் மலையில் ஏறி இறங்குகிறவர்களுக்கு அது ஒரு தூரமா? போனவர்கள் சொல்லுங்கள்.

நவம்பர் 2, இரவு

போனவன் சொல்கிறேன். குன்னூரில் ஒரு எஸ்டேட்டில் தண்ணீர் லைன் பார்ப்பது என் வேலை. ஹம்பிக்கு ஆட்டோவிலும் போயிருக்கிறேன், சைக்கிளிலும் போயிருக்கிறேன்.

உங்கள் அண்ணன் சொல்வதில் வெயில் மட்டும் உண்மை. தூரம் ஒன்றுமே இல்லை. ஹொஸ்பேட்டையிலிருந்து ஹம்பி பஜார் 13 கிலோமீட்டர், பஜாரிலிருந்து கமலாபுரம் சுமார் 4. ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள ஹேமகூடக் குன்றை ஒட்டிக் கிருஷ்ணர் கோவிலுக்குப் போகிற சாலை ஒன்று இருக்கிறது. கட்டபெட்டு ஏற்றம் மிதிக்கிறவர்களுக்கு அது ஏற்றமென்றே தெரியாது. ஆனால் நாம் 1800 மீட்டர் உயரத்து ஆட்கள், ஹம்பி 467 மீட்டரில் இருக்கிறது. டிசம்பரிலும் மதியம் 30 டிகிரியை ஒட்டி இருக்கும், சுற்றிலும் பாறை, அந்தப் பாறை வாங்கிய சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகும் விடாது. கால் வலிக்காது, தலை வலிக்கும். விடிந்ததும் கிளம்பி பத்தரைக்குள் ஒரு சுற்று, மூன்றரைக்கு மேல் இன்னொரு சுற்று, நடுவில் சாப்பாடும் தூக்கமும். நடுப்பகலில் மிதித்தே தீருவேன் என்று அடம் பிடிக்காதீர்கள். மார்ச் முதல் மே வரை என்றால் நானே ஆட்டோ பிடியுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஒரே நாளில் முடிந்துவிடும் என்பதுதான் ஆட்டோவில் உள்ள கோளாறே. விருபாட்சர், கல் தேர், தாமரை மகால், யானைக் கொட்டில், ஃபோட்டோ, சாப்பாடு, ஹொஸ்பேட்டை. அது கோவில் பட்டியல். ஹம்பியில் இடிந்து கிடக்கிற விஜயநகரம் ஒரு ஊர், அதிலும் பெரிய ஊர். கோவிலுக்கும் கோவிலுக்கும் இடையில் என்ன இருந்தது என்பது ஆட்டோவில் தெரியாது. நான் சொல்கிற யோசனை ஒன்றுதான்: கோவில் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு அந்த ஊரின் தண்ணீர் போன வழியைப் பிடித்து மிதியுங்கள். விவரமாக நாளைக்கு எழுதுகிறேன், மோட்டார் ஒன்று மக்கர் செய்கிறது.

நவம்பர் 3, காலை

வாடகை சைக்கிள் எடுக்கும்போது முதலில் பிரேக் பாருங்கள். சமவெளிக் கடைக்காரருக்கு பிரேக் ஒரு அலங்காரம்.

நவம்பர் 3, இரவு

"தண்ணீர் வழியாவது கிண்ணீர் வழியாவது, நீங்கள் பம்ப் ஆபரேட்டர் என்பதால் எல்லாம் தண்ணீராகத் தெரிகிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இருக்கலாம். ஆனாலும் கேளுங்கள்.

துங்கபத்திரை அந்த ஊரின் வடக்கு எல்லை. ஆறு பக்கத்திலேயே ஓடினாலும் பாறைகளுக்கு நடுவே தாழத்தில் ஓடுகிறது, ஊரும் வயலும் மேலே. அவர்கள் என்ன செய்தார்கள் என்றால் மேற்கே, ஆற்றின் மேல்வாட்டத்தில் கல்லை அடுக்கித் தடுப்பணை கட்டி, தண்ணீரைக் கால்வாயில் திருப்பி, நிலத்தின் மட்டம் பிடித்துக் கொண்டு வந்தார்கள். துர்த்து கால்வாய் அப்படி வந்ததுதான், விருபாட்சர் கோவில் பக்கத்துக்கும் அரண்மனைப் பக்கத்துக்கும் நடுவிலுள்ள பள்ளத்தாக்கு முழுவதற்கும் அதுதான் பாய்ச்சல். இன்றும் ஓடுகிறது. நீங்கள் கிருஷ்ணர் கோவில் தாண்டிப் போகும்போது இரண்டு பக்கமும் வாழைத்தோட்டமாக வரும் பாருங்கள், அது விஜயநகரத்துக் கால்வாய்த் தண்ணீரில் விளைகிற வாழை. தலைநகரம் 1565-ல் அழிந்துவிட்டது, மதகு இன்னும் வேலையில் இருக்கிறது.

சைக்கிள்காரனுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. கால்வாய் மட்டம் பிடித்துத்தான் போகும், கண்ணுக்குத் தெரியாத வாட்டம்தான் அதற்கு இருக்கும். அதனால் கால்வாயை ஒட்டிய பாதையில் ஏற்றமே வராது. தண்ணீர் ஓடுகிற பக்கமாக மிதித்தால் லேசான இறக்கம் கூட. மலையில் மிதித்துப் பழகிய காலுக்கு அந்த வாட்டம் சட்டென்று தெரியும், ஆட்டோவில் உட்கார்ந்தவருக்குத் தெரிய வழியில்லை. எல்லா இடத்திலும் கரையில் சைக்கிள் போகாது, சில இடத்தில் இறங்கித் தள்ள வேண்டும், சில இடம் தனியார் தோட்டம், கேட்டுவிட்டுப் போங்கள்.

இப்படிப் போங்கள். பஜாரில் ஆரம்பித்து ஹேமகூடத்தைச் சுற்றிக் கிருஷ்ணர் கோவில். கிருஷ்ணதேவராயர் உதயகிரியை வென்றதற்கு 1513-ல் கட்டியது. அங்கே இருந்த பாலகிருஷ்ணன் சிலை இப்போது சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது, நம்மூர்க்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுப் போனால் நல்லது. கோவிலுக்கு எதிரே கடைவீதியும் தெப்பக்குளமும். அங்கிருந்து கொஞ்சம் தள்ளி உக்ர நரசிம்மர், 6.7 மீட்டர், ஒரே பாறையில் செதுக்கியது. எல்லாரும் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துவிட்டு ஆட்டோவுக்குத் திரும்புகிறார்கள். ஒட்டியே இருக்கிற படவிலிங்கத்தைப் பார்க்கத் தவறாதீர்கள். ஆள் உயரத்துக்கும் மேலான லிங்கம், அடி எப்போதும் தண்ணீரில்தான், காரணம் கருவறைக்குள் வாய்க்கால் போகிறது. வயலுக்குப் போகிற தண்ணீர் சாமியைத் தொட்டுவிட்டுப் போகிற மாதிரி திட்டம் போட்டவன் சாதாரண ஆள் இல்லை.

அப்புறம் கமலாபுரம் சாலை. பூமி மட்டத்துக்குக் கீழே ஒரு சிவன் கோவில் வரும், அதன் உள்ளே பெரும்பாலும் தண்ணீர் நிற்கும், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். அதைத் தாண்டினால் அரண்மனை வளாகம். இதற்குத் தண்ணீர் ஆற்றுக் கால்வாயிலிருந்து வரவில்லை, கமலாபுரம் ஏரியிலிருந்து வந்தது. கல்தூண் வரிசையின் மேல் கல்லில் குடைந்த தொட்டிபோன்ற வாய்க்கால், வளாகத்துக்குள் குளம் குளமாகப் பிரித்து விடுகிறது. சுட்ட மண்குழாயும் பதித்திருக்கிறார்கள். நான் அங்கே நின்ற நேரத்தில் பாதி இந்த வாய்க்கால் அடியில்தான் போனது. பக்கத்தில் கறுப்பு நிறக் கல்லில் படிக்கிணறு போல ஒரு புஷ்கரணி, 1980-களில் தோண்டி எடுத்தது. ஒவ்வொரு கல்லிலும் எந்தப் பக்கம், எந்த வரிசை என்று குறி வெட்டியிருக்கும். வேறெங்கோ செய்து, பிரித்துக் கொண்டுவந்து பூட்டிய வேலை. நம் ஃபேக்டரியில் குழாய்க்கு நம்பர் போட்டுப் பூட்டுகிற அதே வேலைதான்.

1520-ஐ ஒட்டி அங்கே வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ் ஊர் ரோமாபுரி அளவு பெரியது என்று எழுதியதை மட்டும் எல்லாரும் எடுத்துப் போடுகிறார்கள். அதே இடத்தில் அவர் வீட்டுத் தோட்டங்களையும், ஊர் நடுவே ஓடிய வாய்க்கால்களையும், ஏரிகளையும் சொல்லியிருக்கிறார். அதை யாரும் எடுத்துப் போடுவதில்லை.

நவம்பர் 4

மேலே "பம்ப் ஆபரேட்டர்" என்று எழுதியவருக்கு: லைன் மேஸ்திரி. பம்ப் ஆபரேட்டர் வேறு ஆள், அவர் கோபித்துக்கொள்வார்.

நவம்பர் 5

விட்டலர் கோவிலில் இருக்கிற கல் தேர் ஒரே கல்லில் செதுக்கியது என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். இல்லை. பல கற்களைச் சேர்த்துப் பூட்டியதுதான், இணைப்பு தெரியாத அளவுக்கு வேலை சுத்தம். மேலே செங்கல்லில் ஒரு சிறு கோபுரமும் இருந்தது, 1856-ல் ஆங்கிலேய ராணுவ அதிகாரி கிரீன்லா எடுத்த புகைப்படத்தில் அது தெரியும், பிற்பாடு எடுத்துவிட்டார்கள். ஐம்பது ரூபாய் நோட்டில் இருப்பது கோபுரம் இல்லாத தேர்.

விட்டலர் கோவிலுக்கு வண்டி எதுவும் கடைசிவரை போகாது, நிறுத்துமிடத்திலிருந்து பேட்டரி வண்டி, இல்லாவிட்டால் ஒரு கிலோமீட்டர் போல நடை. சைக்கிளைப் பூட்டிவிட்டு நடங்கள், வழியில் ஒரு குளமும் பாழடைந்த கடைவீதியும் உண்டு. பஜாரிலிருந்து ஆற்றங்கரையோரமாகவும் ஒரு வழி உண்டு, கோதண்டராமர் கோவில் தாண்டி, அது பாறையும் படியுமாக இருக்கும். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போன ஒரு வெளிநாட்டுக்காரரைப் பார்த்தேன், பாவம், சைக்கிள்தான் அவர் மேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

நவம்பர் 6

முள். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம், யாரும் கேட்கவில்லை. ஹம்பியில் சாலையை விட்டு ஒரு அடி இறங்கினால் சீமைக் கருவேல முள். நம் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் கூர்க்கல் வரும், சேறு வரும், முள் அவ்வளவு வராது, அதனால் பங்க்சர் பற்றி நமக்குப் பயம் குறைவு. அங்கே ஒட்டுத்துண்டு, சொல்யூஷன், உப்புக்காகிதம், ஒரு உபரி டியூப், கைப்பம்ப் இல்லாமல் இறங்காதீர்கள். வாடகை சைக்கிள் என்றால் கடைக்காரரிடமே பம்ப் கேளுங்கள், கொடுக்கத் தயங்கினால் வேறு கடை. பஜாரிலேயே வாடகைக்குக் கிடைக்கும், பெரும்பாலும் கியர் இல்லாதது, அந்த நிலத்துக்கு அது போதும்.

நவம்பர் 8

சொந்த சைக்கிளைக் கொண்டு போகலாமா என்ற கேள்விக்கு. ஊட்டியிலிருந்து மைசூர் பேருந்து, மைசூரிலிருந்து ஹம்பி எக்ஸ்பிரஸ். மாலையில் கிளம்பி பெங்களூர் வழியாக மறுநாள் காலை ஹொஸ்பேட்டையில் இறக்கிவிடும். முதுமலை, பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மூடியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல, திரும்பும்போது அந்தக் கணக்கு வைத்து மைசூரில் இருந்து கிளம்புங்கள். சைக்கிளை ரயிலில் லக்கேஜாகப் புக் செய்யலாம், ஆனால் பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கிற அவசரத்தில் அதைச் செய்ய முடியாது, முன்கூட்டியே ஸ்டேஷனுக்குப் போய் நிற்க வேண்டும். ஒரு முறை என் சைக்கிளின் கியர் மாற்றும் டெரெயிலரை வளைத்துக் கொடுத்தார்கள், எந்த ஸ்டேஷன் என்று சொல்லமாட்டேன்.

வாடகையே போதும் என்பது என் அப்போதைய கருத்து. யோசித்துப் பார்த்தால் ஆள் உயரம் ஆறடிக்கு மேல் இருந்தால் மட்டும் சொந்த சைக்கிள். வாடகைக் கடையில் சீட் அதற்கு மேல் ஏறாது, முட்டி போய்விடும்.

நவம்பர் 9

வெயிலுக்குப் பழக ஏதாவது வழி உண்டா என்று கோத்தகிரித் தம்பி கேட்கிறார். உண்டு, கீழே இறங்குங்கள். பர்லியார் தாண்டியதுமே நமக்கு ஸ்வெட்டர் பகையாகிவிடும். மேட்டுப்பாளையத்தில் இறங்கி சிறுமுகை வழியாக பவானிசாகர் பக்கம் பகலில் மிதித்துப் பாருங்கள், சமதரை, வெயில், முள், எல்லாம் உண்டு. யானையும் உண்டு, அதனால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுங்கள். வீட்டுக்கு மேலே மிதித்து ஏற வேண்டாம், பேருந்தில் போட்டு வாருங்கள்.

பவானிசாகர் என்றதும் ஒன்று. அணை 1955-ல் முடிந்தபோது டணாயக்கன் கோட்டை தண்ணீருக்குள் போய்விட்டது. ஹொய்சளத் தளபதிகள் காலத்துக் கோட்டை அது. நீர்மட்டம் நன்றாக இறங்குகிற வருஷம் அதிலிருந்த பெருமாள் கோவில் வெளியே தெரியும். ஹொய்சளர்கள் நீலகிரி மலைக்கு மேலேயும் கை வைத்தார்கள், 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் தளபதி புனிசன் நீல மலையைப் பிடித்ததாக வருகிறது. ஹம்பிக்கு மேலேயும் 1953-ல் துங்கபத்திரா அணை வந்தது. அங்கே நகரம் அணைக்குக் கீழே இருந்ததால் தப்பித்தது. நம்முடையது மேலே இருந்ததால் மூழ்கியது.

நவம்பர் 11

பேச்சு எங்கோ போய்விட்டது. "விஜயநகரம் விழுந்ததும் படகர்கள் மலையேறினார்கள், அதனால் ஹம்பி எங்கள் ஊர்" என்று ஒருவர், "யார் சொன்னது, நாங்கள் ஆதியிலிருந்தே இங்கே" என்று இன்னொருவர். 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு மைசூர்ப் பக்கமிருந்து வந்தவர்கள் என்பது ஆங்கிலேயர் காலத்திலிருந்து புத்தகத்தில் வருகிற கருத்து. அதை ஏற்காதவர்கள் அந்தச் சமூகத்துக்குள்ளேயே நிறைய இருக்கிறார்கள், அவர்கள் பக்க வாதமும் சும்மா இல்லை. நான் படகனும் இல்லை, சரித்திர வாத்தியாரும் இல்லை. என்னோடு வந்த நண்பர் படகர். கமலாபுரத்து டீக்கடையில் அவர் படக மொழியிலேயே பேசினார், கடைக்காரர் கன்னடத்தில் பதில் சொன்னார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டீ எனக்கு மட்டும் தாமதமாக வந்தது. இதற்கு மேல் இந்த விஷயத்தை இங்கே வைத்து அடித்துக்கொள்ளாதீர்கள், சைக்கிள் பேசுவோம்.

நவம்பர் 12

"அவ்வளவு தூரம் போவானேன், இங்கேயே இடிபாடு, பூங்கா எல்லாம் உண்டே" என்ற கேள்வி நியாயம். துரூக் கோட்டைக்குக் கடைசித் துண்டு நடைதான், சைக்கிள் தேயிலைத் தோட்டம் வரைக்கும். திப்பு காலத்தில் காவல் முனையாக இருந்தது, இப்போது மிஞ்சியிருப்பது கொஞ்சம் மதில், ஆனால் அங்கிருந்து கீழே சமவெளி தெரிகிற தெரிவுக்கே போகலாம். கோத்தகிரி கன்னேரிமுக்கில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் கட்டிய வீடு உங்களுக்கு வாசலிலேயே இருக்கிறது. சிம்ஸ் பூங்கா 1874, ஊட்டி தாவரவியல் பூங்கா 1848, இரண்டுக்குள்ளும் சைக்கிள் விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஊட்டிப் பூங்காவில் இரண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய கல்லான மரம் ஒன்று கிடக்கிறது, அதன் முன்னால் விஜயநகரம் நேற்றைய சமாச்சாரம். ஆனால் இதெல்லாம் அங்கங்கே தனித்தனி. ஒரு முழு ஊர் கிடப்பது ஹம்பியில்தான்.

நவம்பர் 14

இரண்டாம் நாளுக்கு என்ன என்று கேட்டதற்கு. கிழக்குப் பக்கம் போங்கள், கூட்டம் இருக்காது. கமலாபுரத்துக்குக் கிழக்கே பட்டாபிராமர் கோவில், விட்டலர் கோவில் அளவுக்குப் பெரியது, காலையில் நீங்களும் காவலாளியும்தான். அங்கிருந்து கணகித்தி ஜைனக் கோவில், 1385, இரண்டாம் ஹரிஹரனின் தளபதி இருகப்பா கட்டியது. காஞ்சிபுரத்துத் திருப்பருத்திக்குன்றத்தில் சங்கீத மண்டபம் கட்டினாரே, அதே இருகப்பா. பக்கத்திலேயே பீமன் வாசல். வாசல் நேராக இருக்காது, உள்ளே மடங்கி மடங்கிப் போகும், குதிரையில் வேகமாக வருகிறவன் முட்டி நிற்கட்டும் என்று. சைக்கிளில் போனால் அந்த மடக்கு உடம்புக்கே தெரியும், ஹேண்டிலை ஒடித்துத்தான் திரும்ப வேண்டும். 1443-ல் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் ஏழு மதில் என்று எழுதினார், எத்தனை என்று எண்ண நினைப்பதை விட்டு ஒரு வாசலை மட்டும் நிதானமாகப் பாருங்கள். மால்யவந்தக் குன்றுக்கும் சாலை உண்டு, உங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் அங்கே கிடைக்கிற ஏற்றம்.

ஆற்றுக்கு அக்கரையிலுள்ள ஆனேகுந்தி வேண்டுமென்றால் தளரிகட்டுப் பரிசல். சைக்கிளையும் ஏற்றுவார்கள், ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டால் ஓடாது. அங்கே கட்டிக்கொண்டிருந்த பாலம் 2009-ல் இடிந்து விழுந்தது. பழைய வழிகாட்டியில் படித்துவிட்டு விருபாபுரகட்டி பக்கம் தங்க இடம் தேடாதீர்கள், அங்கிருந்த ரிசார்ட்டுகளை 2020-ல் இடித்துவிட்டார்கள்.

நவம்பர் 19

பஜாரில் மண்டபத்துக்குள் குடியிருந்தவர்களை 2011-ல் வெளியேற்றியது சரியா தப்பா என்று பெரிய சண்டை ஓடுகிறது, நானும் கொஞ்சம் சேர்கிறேன். சின்னம் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கடைவீதி என்றால் கடை இருக்க வேண்டும், ஆள் இருக்க வேண்டும். கால்வாயை மட்டும் ஏன் யாரும் காலி செய்யவில்லை? அதில் விவசாயம் நடக்கிறது, அதனால்தான் மதகு உடையாமல் இருக்கிறது. பஜார் மண்டபங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. எதிர்க் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள், திட்டாமல்.

நவம்பர் 23

கோத்தகிரித் தம்பிகள் டிக்கெட் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறார்கள், நல்லது. இரண்டு விஷயம். விட்டலர் கோவிலுக்கும் தாமரை மகால் இருக்கிற ஜெனானா என்கிற அரச மகளிர் வளாகத்துக்கும் கமலாபுரம் மியூசியத்துக்கும் ஒரே டிக்கெட், ஆனால் அன்றைக்கு மட்டும்தான் செல்லும், ஆகவே மூன்றையும் ஒரே நாளில் வையுங்கள். மியூசியம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். முதல் நாளே அங்கே போய்விடுங்கள். உள்ளே மொத்த ஹம்பிக்கும் ஒரு மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள், ஆறு எங்கே, குன்று எங்கே, ஏரி எங்கே என்று அரை மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பாருங்கள், அப்புறம் கைபேசி மேப் பாதிக்கு மேல் தேவைப்படாது.

தம்பி உயரம் ஐந்தே முக்கால் என்றால் வாடகை சைக்கிளே போதும்.